அறுபதைத் தொட்டவருக்கு

அறுபதாம் லெவலுக்கு வந்துவிட்டீர், ஒற்றைக்கொம்பன்.
பொன்மழை கொட்டியிருக்கும், எக்காளம் ஊதியிருக்கும்.
கதை முடிந்ததென்று இந்த இடத்தில்
ஆட்டத்தை அழித்துவிட்டுப் போனவர்கள் கனபேர்.
உண்மையில் இப்போதுதான் படலை திறந்திருக்கு.

இரவு ஒரு மணி. மல்லாவியில் காற்றில்லை.
ஜன்னல் கம்பியில் போனைக் கட்டியிருக்கிறேன்,
அந்த மூலையில்தான் மூன்று கோடு சிக்னல்.
நீர் மைக்கில் கதைப்பீர். நான் எழுதுவேன்.
பிள்ளைகள் நித்திரை.

முதலில் எதை வாங்க, லீடர், என்று கேட்டீர்.

ஒன்றும் வாங்காதையும்.
சந்தையில் ஊதா வாள் மின்னும்,
விலையும் கட்டுப்படியாகும் போலிருக்கும்.
அடுத்த கிழமை அதைவிட நல்லதை
பாலைக்குகையின் மூன்றாம் காவலன்
சாகும்போது சும்மா போட்டுவிட்டுப் போவான்.
வாளை விடும். முதலில் காலணி, பிறகு கையுறை.
சிரிக்காதையும்.
நெருப்பு வட்டம் விழும்போது
வாளா உம்மைத் தூக்கிக்கொண்டு ஓடும்?

பச்சைக் கற்களை உருக்க வேண்டாம், சேரும்.
தனியே குகைக்குள் போகவேண்டாம்.
புதன் விடிய ஐந்தரைக்கு ரீசெட்:
செத்த பூதமெல்லாம் எழும்பி நிற்கும்,
கணக்குகள் பூச்சியத்துக்கு வரும்,
அன்றைக்குக் கட்டாயம்

"புதன் எனக்குச் சரிவராது லீடர்," என்றீர்.
"புதனிலைதான் எனக்கு மல்லாவிப் பக்கம் கலெக்ஷன்."

விரல் அப்படியே நின்றது.
அந்தக் குரல்.
வேலிக்கு வெளியே பைக்கை நிறுத்தி, இஞ்சினை நிறுத்தாமல்,
"சுதாமதி அக்கா நிக்கிறாவோ" என்று கேட்கிற குரல்.

நாலாயிரத்து இருநூறு.
எழுபத்தெட்டுக் கிழமையில் முப்பத்தொன்று கழிந்திருக்கு.
ஆறு ஆட்டுக்கு எடுத்த காசு.
மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு ஆடு இரண்டு,
கடன் அதே ஆறு ஆட்டுக்கு.

திரையில் உம்முடைய குதிரை
என் முன்னால் கால் மாற்றிக் கால் வைத்தது.
கேடயத்தை விற்றுவிடும் என்று எழுதலாம்.
புள்ளி எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்தில் போடும் என்று எழுதலாம்.
நம்பியிருப்பீர்.
ஒரு மாதம் ஒவ்வொரு வாசலிலும் செத்திருப்பீர்.

எழுதியது இது:
புதன் இரவு பத்துக்கு வாரும், நாங்கள் காத்திருப்போம்.
ஐந்து பேர் குழு.
ஒருத்தர் விழுந்தால் மற்ற நாலு பேரின் தலையில் எழுதுகிற வழக்கம்
இங்கே இல்லை.
விழுந்தவரை எழுப்ப ஒரு மந்திரம் இருக்கு,
எட்டு நொடி பிடிக்கும். அதுவரை அடியை நான் தாங்குவேன்.

புதன் வந்தது. பைக்கும் வந்தது.
என்னிடம் எழுநூறு குறைவு.
வியாழன் தரட்டோ என்றேன்.
"எனக்கும் மேலே ஆள் இருக்கு அக்கா," என்றீர்,
கொட்டாவியை அடக்கிக்கொண்டு, கொப்பியைப் பார்த்தபடி.
பக்கத்து வளவு நிர்மலாவதியிடம் மாறித் தந்தேன்.
உம்முடைய சப்பாத்தின் குதி ஒருபக்கம் தேய்ந்திருந்தது.

இரவு பத்து. குகை வாசல்.
நேரத்துக்கு வந்தீர், அதைச் சொல்லவேணும்.
இரண்டாம் காவலனிடமே கேடயம் வெடித்துப்போச்சு.
"கில்ட் பெட்டியில் ஒன்று கிடக்கே," என்றீர்,
"எடுக்கலாமோ? எத்தினை நாளுக்குள்ள திருப்பித் தரவேணும்?"
குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.
கேட்கிறவர்களின் குரல் எனக்குத் தெரியும்.

எடும், என்று எழுதினேன். தவணை இல்லை.

கொஞ்சநேரம் மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு கதவு திறந்தது,
மூன்றாம் காவலன் எழும்பினான்,
நெருப்பு வட்டம் விழுந்தது.
இடப்பக்கம் ஓடும்! இடப்பக்கம்!
வாளைப் பார்க்காதையும்.